ஞாயிற்றுக்கிழமைகளின் எண்

இக்கட்டுரையின் நாயகன் ஓர் எண். இருபத்தொரு இலக்கங்கள் கொண்டது: 147573952589676412927. நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 14,75,73,95,25,89,67,64,12,927. வாய்விட்டுப் படிக்க முனைபவர், பதினான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி என்று தொடங்கி, ஐம்பத்திரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கோடியைக் கடந்து, அறுபத்து நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு என்று முடிக்க வேண்டும்.

இந்த எண்ணின் பிறப்பு எளிமையானது. சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கணக்கு. அறுபத்து நான்கு கட்டங்களுக்குப் பதிலாக அப்பலகையில் அறுபத்தேழு கட்டங்கள் இருந்திருக்குமானால், அரசன் அளந்து கொடுத்திருக்க வேண்டிய மணிகளின் மொத்தம் இதுதான். இரண்டை அறுபத்தேழு முறை தன்னோடு பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. கணித நூல்களில் இது மெர்சென் எண்களில் ஒன்று.

கணக்கு என்றதும் பக்கத்தைத் தள்ளிவிட எண்ணும் வாசகர் சற்றே பொறுக்கவேண்டும். இந்த எண்ணைச் சுற்றி இருநூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு ஒன்று இருக்கிறது. ஒரு துறவி அதைப் பற்றி ஒன்றைச் சொன்னார். அது தவறென்று ஓர் ஆசிரியர் காரணம் காட்டாமலே நிறுவினார். இன்னொருவர் காரணத்தைக் கொண்டுவந்து கரும்பலகையில் வைத்தார். வேறொருவர் அதைக் கதையாக்கினார். இவற்றில் எதை நாம் அறிவு என்கிறோம், எதை நம்பிக்கை என்கிறோம் என்பதே நாம் இங்கே கேட்க விரும்பும் கேள்வி.

*

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11 என்று செல்லும் வரிசை அது. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்தால் சில வேளைகளில் பகா எண் கிடைக்கிறது: 3, 7, 31, 127. யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் இவ்வகைப் பகா எண்களுக்குத் தனி மதிப்பு இருப்பதைக் காட்டினார். அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும். தன் காரணிகளின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் எண் நிறைவெண். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டு. 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டு. பண்டைக் கிரேக்கர்கள் அறிந்திருந்தவை 6, 28, 496, 8128 ஆகிய நான்கு மட்டுமே. ஐரோப்பாவில் ஐந்தாவது பதினைந்தாம் நூற்றாண்டின் கையெழுத்துப் பிரதி ஒன்றில்தான் தென்படுகிறது.

ஆகவே, இரண்டின் எந்த அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வரும் என்ற வினா, நிறைவெண்களைத் தேடும் வினாவாகவும் இருந்தது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான் என்பது எளிதில் விளங்கும். பதினைந்தாம் அடுக்கில் ஒன்று குறைந்த 32767, 7ஆலும் 31ஆலும் வகுபடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். 1536இல் ஹுதால்ரிகஸ் ரெகியஸ் பதினோராம் அடுக்கை எடுத்து, 2047 என்பது 23ஐயும் 89ஐயும் பெருக்கினால் வருவது என்று காட்டினார். நம்பிக்கை அங்கே உடைந்தது. இத்தாலியரான கத்தால்டி பதினேழாம் அடுக்கும் பத்தொன்பதாம் அடுக்கும் பகா எண்களைத் தருவதை நிறுவினார். 23, 29, 31, 37 ஆகியவையும் தரும் என்றார். அவற்றில் 31 ஒன்றுதான் சரியாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் மரேன் மெர்சென் வருகிறார். 1588இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். மினிம் சபைத் துறவி. பாரிசில் அவர் இருந்த மடத்தின் அறை ஐரோப்பிய அறிவுலகின் அஞ்சல் நிலையம் போல இயங்கியது. தெக்கார்த், ஃபெர்மா, ஹைகன்ஸ் ஆகியோர் அவருக்கு எழுதினார்கள். ஒருவர் எழுதியதை அவர் மற்றவருக்குத் தெரிவித்தார். அறிவியல் இதழ்கள் தோன்றுவதற்கு முந்தைய காலத்தில் அப்பணியின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. 1644இல் வெளியான தம் லத்தீன் நூலின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியல் தந்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகள் பகா எண்களைத் தரும். 257 வரை வேறெதுவும் தராது.

இதை அவர் எப்படி அறிந்தார்? 257ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கு எழுபத்தெட்டு இலக்கங்கள். அதைச் சோதிக்கும் வழி அக்காலத்தில் எவரிடமும் இல்லை. அதே முன்னுரையில், பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட எண் பகா எண்ணா என்று அறியக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தில் அவரே எழுதியிருக்கிறார். நம் எண்ணுக்கு இருபத்தொரு இலக்கங்கள் என்பதை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும்.

பிற்காலத்தவர் அப்பட்டியலில் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். அதிலுள்ள அடுக்குகள் எல்லாம் 2, 4, 8, 16, 32 என்று செல்லும் வரிசைக்கு அருகில் நிற்பவை. 31 என்பது 32க்கு ஒன்று குறைவு. 17 பதினாறுக்கு ஒன்று கூடுதல். 13, 19 இரண்டும் பதினாறிலிருந்து மூன்று விலகியவை. 127, 257 இரண்டும் முறையே 128க்கும் 256க்கும் அண்டை வீட்டார். 67 அறுபத்து நான்குக்கு மூன்று கூடுதல். மெர்சென் ஓர் அமைப்பை ஊகித்து, அதைக் கொண்டு பட்டியலை நிரப்பியிருக்கலாம். ஆனால் அந்த ஒழுங்கின்படி 64க்கு மூன்று குறைந்த 61உம் இடம்பெற்றிருக்க வேண்டும், அது இல்லை. 61 என்பதே அச்சில் 67 ஆகிவிட்டதோ என்ற ஐயமும் இதனால் எழுந்தது. எப்படியாயினும், நிரூபணமற்ற ஒரு வாக்கியம் மெர்சென்னின் பெயருக்கிருந்த மதிப்பினால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

*

வகுத்துப் பார்ப்பதே பழைய வழி. ஃபெர்மா 1640இல் அந்த வழியை வெகுவாகச் சுருக்கினார். அடுக்கு பகா எண்ணாக இருக்குமானால், வரும் எண்ணின் எந்தக் காரணியும் அந்த அடுக்கின் இருமடங்கால் வகுக்கும்போது ஒன்றையே மீதி தரும். அடுக்கு 67 எனில், 134ஆல் வகுக்க மீதி ஒன்று வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். பின்னர் இன்னொரு வடிகட்டியும் கிடைத்தது. காரணியை எட்டால் வகுத்தால் மீதி ஒன்றாகவோ ஏழாகவோதான் இருக்கும்.

இவ்விரண்டு வடிகட்டிகளையும் கொண்டு, 31ஆம் அடுக்கு தரும் 2147483647 பகா எண்தான் என்று ஆய்லர் நிறுவியதை 1772இல் காண்கிறோம். அந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340ஐ ஒட்டியது. அதற்குள் வடிகட்டியில் தங்கும் பகா எண்கள் சிலவே. ஒரு மனிதன் பொறுமையுடன் செய்துவிடக்கூடிய வேலை அது. நம் எண்ணின் வர்க்கமூலமோ ஏறத்தாழ 1,214 கோடி. அதுவரை வகுத்துப் பார்ப்பது ஒரு வாழ்நாளுக்குள் அடங்காது.

வகுக்காமலே விடை காணும் வழியை 1876இல் கண்டவர் எதுவார் லூக்கா. பிரெஞ்சுக் கணித ஆசிரியர். ஹனாய் கோபுரம் என்று இன்று சிறுவர்கள் விளையாடும் வட்டுப் புதிரை உலகுக்குத் தந்தவரும் அவரே. அவருடைய சோதனையை டி. எச். லேமர் 1930இல் செம்மைப்படுத்தினார். அந்த வடிவத்தில் அதை எவரும் செய்து பார்க்கலாம். நான்கில் தொடங்குக. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்க. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. மீண்டும் வர்க்கம், மீண்டும் இரண்டு கழித்தல், மீண்டும் மீதி. அடுக்கில் இரண்டு குறைந்த அத்தனை முறை இதைச் செய்தபின் சுழியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண்.

ஐந்தாம் அடுக்குக்குரிய 31ஐ எடுத்துக்கொள்வோம். 4, அடுத்து 14, அடுத்து 194, அதன் மீதி 8, அடுத்து 62, அதன் மீதி சுழியம். மூன்று படிகள் முடிந்தன. 31 பகா எண். பதினோராம் அடுக்குக்குரிய 2047ஐ எடுத்துக்கொண்டால் வரிசை இப்படிப் போகிறது: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. ஒன்பது படிகள் முடிந்தும் சுழியம் வரவில்லை. எனவே 2047 பகு எண்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2047 உடையும் என்று இக்கணக்கு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால் 23 என்றோ 89 என்றோ அதன் எந்தப் படியிலும் எழுதப்படவில்லை. கடைசியில் கிடைத்த 1736 என்ற எண் எந்தக் காரணியையும் நமக்குக் காட்டுவதில்லை. பூட்டிய பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று அதை ஆட்டிப்பார்த்து அறிவதைப் போன்ற அறிவு இது.

லூக்கா 1876இல் இரண்டு முடிவுகளைச் சொன்னார். 127ஆம் அடுக்கு பகா எண்ணைத் தருகிறது என்பது ஒன்று. முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட அது, அறியப்பட்ட பகா எண்களிலேயே பெரியது என்ற இடத்தில் எழுபத்தைந்து ஆண்டுகள் இருந்தது. 67ஆம் அடுக்கு பகா எண்ணைத் தரவில்லை என்பது மற்றது. மெர்சென்னின் பட்டியலில் முதல் பிழை இவ்வாறு வெளிப்பட்டது. ஆனால் காரணிகள் எவை என்று லூக்காவுக்கும் தெரியாது.

*

அடுத்த காட்சி நியூயார்க் நகரம். 1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பேச வேண்டியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1861இல் பிறந்தவர், ஹார்வர்டில் பயின்றவர், ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் கிளைனிடம் பாடம் கேட்டவர். குலக் கோட்பாட்டில் உழைத்தவர். 1896 முதல் சங்கத்தின் செயலராக இருந்தார். உரையின் பொருள், பெரிய எண்களின் காரணிகளைக் காண்பது பற்றியது.

அன்று நடந்ததாகச் சொல்லப்படுவது இது. கோல் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டை அறுபத்தேழாம் அடுக்குவரை பெருக்கி எழுதினார், ஒன்றைக் கழித்தார். பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து 193707721 என்றும் 761838257287 என்றும் எழுதி, பள்ளிப் பிள்ளைகள் செய்வதைப் போல வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. பேசாமலே தம் இருக்கைக்குத் திரும்பினார். அவை எழுந்த கைதட்டலால் நிறைந்தது. எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னாளில் இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையிறுத்தார்.

அழகான காட்சி. கணித வரலாற்றைப் பற்றிய எளிய நூல்களில் எல்லாம் இது மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. நாமும் இதைப் படித்தபோது மகிழ்ந்தோம். ஆனால் இதற்குச் சான்று என்ன என்று தேடினால், வழிகள் எல்லாம் ஒரே மனிதரிடம் சென்று முடிகின்றன. அவர் எரிக் டெம்பிள் பெல். கணிதமேதைகளின் வாழ்க்கையைச் சுவைபட எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். கோல் கதையை அவர் அச்சில் தந்தது 1951இல் வெளிவந்த நூலில். அதாவது கூட்டம் நடந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. கோல் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து.

பெல் அக்கூட்டத்தில் இருந்தவரும் அல்லர். 1903இல் அவர் இருபது வயது மாணவர். நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தார். 1911இல் தாமே கோலிடம் கேட்டதாக அவர் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை விடைக்கு ஓரளவு இடமுண்டு. அக்காலத்தில் அவர் கொலம்பியாவில் ஆய்வு மாணவராக இருந்தவர்; 1912இல் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பலகைக் காட்சியோ யாரிடமோ கேட்டதாகத்தான் இருக்க முடியும். பெல்லின் பேனா அழகுபடுத்தத் தயங்காதது என்பதும் அறிந்த செய்தி. 1937இல் அவர் எழுதிய நூலில் உள்ள கல்வாவின் இறுதி இரவைப் பற்றிய சித்திரம் எவ்வளவு மிகையானது என்று டோனி ரோத்மன் 1982இல் விரிவாக எடுத்துக்காட்டினார். பெல் தம் சொந்த இளமை வரலாற்றைக்கூட மறைத்தும் மாற்றியும் சொன்னவர் என்பதைக் கான்ஸ்டன்ஸ் ரீட் 1993இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு காட்டியது.

ஆகவே அன்று கோல் வாய் திறக்கவே இல்லையா என்பதை நாம் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. அவ்வாண்டு டிசம்பரில் சங்கத்தின் இதழில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரையில் தம் வழிமுறையை அவர் சொற்களால்தான் விளக்கியிருக்கிறார். மௌனத்தின் கதை பரவிய அளவுக்கு அந்த விளக்கம் பரவவில்லை. நம் பார்வையில் இது ஓர் இழப்பு.

*

அந்த வழிமுறை என்ன? கோல் எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்திருக்க முடியுமா? நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறிய காரணியான 193707721 வரை, 134ஆல் வகுக்க மீதி ஒன்று தருபவை பதினான்கு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூற்று எண்பது எண்கள். எட்டின் வடிகட்டி அதில் பாதியை நீக்கும். எஞ்சியவற்றுள் பகா எண்களை மட்டும் எடுத்தால் சுமார் எண்பதாயிரம். ஒரு வகுத்தலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் பதின்மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று ஆண்டுகளில் வரும் ஞாயிற்றுக்கிழமைகள் ஏறத்தாழ 156. நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 1,248 மணி நேரம்தான். பத்தில் ஒரு பங்குகூட முடிந்திராது. வெறும் பொறுமை என்று அவரைப் புகழ்வது அவருடைய அறிவுக்குக் குறைவு செய்வதாகும்.

அவர் எடுத்த வழி வேறு. ஒற்றைப்படையான எந்தப் பகு எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் வேறுபாடாக எழுதலாம். 2047 என்பது 56இன் வர்க்கத்திலிருந்து 33இன் வர்க்கத்தைக் கழித்தால் வருவது. 56 என்பது 23, 89 ஆகிய காரணிகளின் கூட்டுத்தொகையில் பாதி; 33 அவற்றின் வேறுபாட்டில் பாதி. எனவே காரணிகளைத் தேடுவதற்குப் பதிலாக அந்தப் பாதிக் கூட்டுத்தொகையைத் தேடலாம்.

நம் எண்ணுக்கு அந்தப் பாதிக் கூட்டுத்தொகை 381015982504. இதை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தேடிச் செல்வது வகுத்தலைவிடக் கொடிய வேலை. ஆனால் இத்தொகையின் குணங்கள் சிலவற்றை முன்கூட்டியே அறிய முடியும். இரண்டு காரணிகளும் 67ஆல் வகுக்க ஒன்றை மீதி தருபவை. ஆகவே ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் வருவது 67 பெருக்கல் 67ஆகிய 4489ஆல் வகுபடும். அதிலிருந்து, கூட்டுத்தொகையை 4489ஆல் வகுத்தால் என்ன மீதி வரும் என்பது காரணிகள் தெரியாமலே தெரிந்துவிடுகிறது. இவ்வாறே 2, 3, 5, 7, 13 ஆகிய சிறு பகா எண்கள் சார்ந்த நிபந்தனைகளையும், வர்க்க எச்சங்களைக் கொண்டு அவர் ஒவ்வொன்றாகக் கட்டினார். எல்லாவற்றையும் சேர்த்தபோது, தேடும் தொகையை 1323536760ஆல் வகுத்தால் 1160932384 மீதி வரவேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பெரிய வகுஎண்ணைப் பிரித்தால் 67இன் வர்க்கமும், மேற்சொன்ன சிறு பகா எண்களும் மட்டுமே இருப்பதைக் காணலாம்.

132 கோடிக்கு ஓர் எண் என்ற அளவில் தேடல் சுருங்கிவிட்டது. 1323536760ஐ 287ஆல் பெருக்கி, 1160932384ஐக் கூட்டினால் 381015982504. அங்கே பெட்டி திறந்தது. முப்பத்தெட்டாயிரம் கோடியைத் தாண்டிய ஓர் எண்ணைச் சில நூறு இடங்களுக்குள் அடைத்துப் பிடித்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமைகள் அடைப்பைக் கட்டுவதில்தான் கழிந்திருக்கவேண்டும்.

*

லூக்கா ஏற்கெனவே நிறுவிவிட்டதைத்தானே கோல் மறுபடியும் சொன்னார் என்று கேட்கலாம். முடிவு ஒன்றே என்பது உண்மை. ஆனால் இரண்டு அறிவுகளும் ஒன்றல்ல.

லூக்காவின் சோதனையை நம் எண்ணுக்கு நாமே செய்ய விரும்பினால் அறுபத்தைந்து படிகள் ஏற வேண்டும். பெரும்பாலான படிகளில் இருபத்தொரு இலக்க எண்ணை அதே அளவுள்ள எண்ணால் பெருக்க வேண்டும். தசம முறையில் ஒரு படிக்கு 441 ஒற்றை இலக்கப் பெருக்கல்கள்; மொத்தம் இருபத்தையாயிரத்துக்கு மேல். வகுத்தல் வேலை தனி. நடுவில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் இறுதியில் சுழியம் அல்லாத ஏதோ ஓர் எண் வரும். பகு எண்ணுக்கும் அப்படித்தான் வரும். பிழையையும் உண்மையையும் அங்கே முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. எனவே 1876 முதல் 1903 வரை, இந்த எண் உடையும் என்று நம்பியவர்கள் லூக்காவின் தேற்றத்தை மட்டுமல்லாமல் அவருடைய கை பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நம்பினார்கள்.

கோல் கொண்டுவந்ததைச் சரிபார்க்க 108 ஒற்றை இலக்கப் பெருக்கல்களும் அவற்றின் கூட்டலும் போதும். ஒன்பது இலக்கங்கள், பன்னிரண்டு இலக்கங்கள். கணிதச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வர்க்க எச்சம் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளியில் பெருக்கல் கற்ற எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்த்துவிடலாம். இதை எழுதுமுன் நாமும் ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் பழைய வழியில் ஒரு சிறு சோதனை செய்தோம். முதல் காரணியின் இலக்கங்களின் கூட்டு 37, சுருக்கினால் 1. இரண்டாவதன் கூட்டு 64, சுருக்கினால் 1. நம் எண்ணின் கூட்டு 109, அதுவும் 1. பெருக்கல் சரி என்பதற்கு இது முழு நிரூபணம் ஆகாது; பிழை இருந்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

தேடுவதற்கு ஆண்டுகள், சரிபார்ப்பதற்கு ஒரு மாலை. இந்த ஏற்றத்தாழ்வு பின்னாளில் பெரும் பயனுள்ளதாயிற்று. 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் அமைத்த மறையீட்டு முறை இதன்மீது நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கியதைப் பிரிப்பது கடினம். இணையவழி வங்கிக் கணக்குகளைக் காக்கும் முறைகளில் ஒன்று அந்தக் கடினத்தை நம்பியிருக்கிறது. அவர்கள் அறைகூவலாக விட்ட 129 இலக்க எண்ணை உடைக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1994இல் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் அறுநூறு தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்தே அதைச் செய்தன.

*

மெர்சென்னின் பட்டியல் பின்னர் மேலும் சிதைந்தது. 1883இல் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் 61ஆம் அடுக்கு பகா எண்ணைத் தருவதை நிறுவினார். பவர்ஸ் என்ற அமெரிக்கர் 1911இல் 89ஐயும் 1914இல் 107ஐயும் சேர்த்தார். கடைசி எண்ணான 257 பகு எண்ணையே தருகிறது என்பதை 1920களின் பிற்பகுதியில் லேமர் கணக்கிட்டார். அதுவும் லூக்கா வழிச் சோதனைதான். காரணிகள் வெளிப்பட ஏறக்குறைய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1947 அளவில் பட்டியல் முழுதும் சரிபார்க்கப்பட்டபோது கணக்கு இவ்வாறு நின்றது: மெர்சென் சேர்த்திருக்கக் கூடாதவை இரண்டு, விட்டுவிட்டவை மூன்று. ஆயினும் அவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. தவறான பட்டியல்தான் என்றாலும், பலரை மூன்று நூற்றாண்டுகள் வேலை வாங்கிய பட்டியல் அது.

கோல் 1920 வரை சங்கத்தின் செயலராகப் பணியாற்றினார். ஓய்வு பெறும்போது நண்பர்கள் திரட்டித் தந்த தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அத்தொகையிலிருந்து தொடங்கியதே அவர் பெயரால் 1928 முதல் வழங்கப்படும் கோல் பரிசு. இயற்கணிதத்துக்கும் எண் கோட்பாட்டுக்கும் தனித்தனியே தரப்படுவது. 2008இல் எண் கோட்பாட்டுக்கான பரிசைப் பெற்றவர் மஞ்சுள் பார்கவா. கோல் 1926இல் காலமானார்.

இன்று இந்த இருபத்தொரு இலக்க எண்ணை ஒரு சாதாரணக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடுகிறது. தேடல் வெகுதொலைவு போய்விட்டது. 1996இல் தொடங்கிய இணையக் கூட்டு முயற்சி ஒன்றில் உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தைத் தருகிறார்கள். 2024 அக்டோபரில் அங்கே அறிவிக்கப்பட்ட பகா எண், இரண்டின் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. அதன் இலக்கங்கள் நான்கு கோடியே பத்து லட்சத்து இருபத்து நான்காயிரத்து முந்நூற்று இருபது. அதை உறுதிசெய்தது லூக்காவின் சோதனைதான். அம்முயற்சியில் 2020 முதல் இன்னொரு மாற்றமும் வந்தது. ஒவ்வொரு கணினியும் தன் முடிவோடு ஒரு சான்றையும் சேர்த்து அனுப்புகிறது. கணக்கு முழுவதையும் திரும்பச் செய்யாமல், சிறிய உழைப்பிலேயே முடிவு சரியா என்று பிறர் பார்த்துவிட முடியும். நம்பச் சொல்லாதே, பார்த்துக்கொள்ளும்படி கொடு என்ற கோரிக்கைதான் அதுவும்.

கோலின் மௌனக் கதைக்கு ஒரே ஒரு சாட்சி; அவரும் நேரில் பார்த்தவர் அல்லர். அக்கதையை நாம் விரும்பலாம், சரிபார்க்க முடியாது. கரும்பலகையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் பெருக்கலுக்கோ சாட்சியே தேவையில்லை. கோல் பேசினாரா, அவை கைதட்டியதா என்பவை எப்படியிருந்தாலும் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினால் வருவது 147573952589676412927. ஐயமுள்ள வாசகர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.